பழைய ஓட்டுக் கூரை: சரிசெய்வதா, மாற்றுவதா?

கார்த்திகை மழையில் கூடத்தில் அண்டாவும் குடமும் வைத்துத் தண்ணீர் பிடிக்கும் வீடுகள் கடலூரிலும் புதுச்சேரியிலும் இன்னும் நிறைய இருக்கின்றன. மழை விட்ட மறுநாளே வீட்டுக்குள் பேச்சு ஆரம்பித்துவிடும். "எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுட்டு ஷீட் போட்டுடலாம்" என்பார் ஒருவர். "தாத்தா கட்டின கூரை, அதுல கை வைக்காதே" என்பார் இன்னொருவர். பொங்கல் வந்தால் வெயில் வந்துவிடும், பேச்சும் நின்றுவிடும். அடுத்த ஐப்பசியில் அதே அண்டா, அதே இடம்.

அப்பா வழியிலோ தாத்தா வழியிலோ ஓட்டு வீடு கைக்கு வந்தவர்களுக்கும், பழைய வீடு ஒன்றை வாங்கிவிட்டு மேலே அண்ணாந்து பார்த்து நிற்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுக் கூரையை ஒருமுறை தப்பாகச் செய்து, மறுமுறை சரியாகச் செய்த அனுபவம் எனக்கு உண்டு.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் தானே புயல் கரையைக் கடந்தது. எங்கள் கொல்லையில் நின்ற தென்னை ஒன்று சமையலறைக் கூரை மேல் சாய்ந்தது, முகட்டு ஓடுகள் பாதி பறந்துபோயின. ஊர் முழுக்க ஒரே நாளில் கூரை போனால் ஆள் எங்கே கிடைக்கும்? கிடைத்த ஒருவரை வைத்து அவசரமாக வேலை முடித்தோம். அவர் முகடு முழுக்கக் கெட்டியாகச் சிமென்ட் பூசி, உடைந்த ஓடுகளின் இடுக்குகளிலும் சிமென்ட்டை அடைத்துவிட்டுப் போனார். பார்க்க உறுதியாகத்தான் இருந்தது. 2015 நவம்பர் மழையில் அதே முகட்டில் ஒழுகியது. பெரியப்பா தெரிந்த ஒரு பழைய மேஸ்திரியை அழைத்து வந்தார். அவர் மேலே ஏறி நான்கு ஓடுகளை மட்டும் தூக்கினார். ஒரு ஓட்டைக் கையில் எடுத்து விரல் முட்டியால் தட்டினார், கணீரென்று கேட்டது. அதை ஓரமாக வைத்துவிட்டு, கீழே கூரையைச் சரிவாகத் தாங்கும் கைமரத்தில் கட்டை விரலால் அழுத்தினார். ஈரமான ரஸ்க் மாதிரி மரம் பொலபொலவென்று உதிர்ந்தது.

"தம்பி, ஓட்டுக்கு ஒண்ணும் இல்ல. சிமென்ட்டுக்கு அடியில தண்ணி தேங்கி மரம் செத்துப்போச்சு."

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. சரிசெய்வதா மாற்றுவதா என்பதை நாம் ஒரே கேள்வியாகக் கேட்கிறோம், ஆனால் உண்மையில் அது நான்கு கேள்வி. ஓடு ஒன்று. ஓடு உட்காரும் மெல்லிய குறுக்குச் சட்டமான ரீப்பர் இன்னொன்று. ரீப்பரைத் தாங்கும் கைமரமும் விட்டமும் மூன்றாவது. எல்லாவற்றையும் சுமக்கும் சுவர் நான்காவது. நான்குக்கும் ஒரே வயது என்றாலும் நான்கும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை. நல்ல ஓடு நூறு வருடம் தாண்டியும் நிற்கும், அதன் அடியில் இருக்கும் ரீப்பர் இருபது வருடத்தில் போய்விடும். கான்கிரீட்டைப் போல இல்லாமல் ஓட்டுக் கூரையைக் கையால் பிரித்து, கெட்டதை மட்டும் எடுத்துவிட்டு, மீதியைத் திரும்ப அடுக்கலாம். அதனால் நான்கையும் தனித்தனியாகப் பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

உங்கள் கூரை எந்த வகை?

நம் பக்கத்தில் சரிவான கூரைக்கு இரண்டு வகை ஓடு உண்டு. நாட்டு ஓடு என்பது குயவர் சக்கரத்தில் குழாய் போல வனைந்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து சுட்டது. ஒரு வரிசை மல்லாந்தும் அடுத்தது கவிழ்ந்தும் நெருக்கமாக அடுக்கியிருப்பார்கள். ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளாது, தன் எடையால் மட்டுமே நிற்கும். பூனை ஓடினாலும் நகரும். அதனால்தான் அந்தக் காலத்தில் மழைக்கு முன்னால் ஆள் வைத்து ஓடு மாற்றினார்கள். மாற்றுவது என்றால் புதிதாக வாங்குவது இல்லை, எடுத்துத் தட்டித் துடைத்து, உடைந்ததைக் கழித்துவிட்டு அதையே மறுபடி அடுக்குவது. நாட்டு ஓட்டுக் கூரை ஒழுகினால் பத்துக்கு எட்டு முறை இந்த வேலையைப் பல வருடம் செய்யாமல் விட்டிருப்பதுதான் காரணமாக இருக்கும்.

சீமை ஓடு என்றும் மங்களூர் ஓடு என்றும் சொல்வது தட்டையானது. ஓரங்களில் மடிப்பும் பள்ளமும் இருக்கும், பக்கத்து ஓட்டோடு பூட்டிக்கொள்ளும். 1865-ல் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழிய அமைப்பினர் மங்களூரில் இதற்கு ஆலை தொடங்கினார்கள். பிறகு கேரளத்தில் ஃபெரோக் பக்கமெல்லாம் ஆலைகள் வந்தன. ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஆலையின் பெயர் அச்சாகியிருக்கும். அதை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ஒவ்வோர் ஆலையின் மடிப்பும் பள்ளமும் கொஞ்சம் கொஞ்சம் வேறாக இருக்கும், ஒன்றின் பள்ளத்தில் இன்னொன்றின் மடிப்பு சரியாக உட்காராது. சந்தையில் கிடைத்த ஏதோ ஒரு ஓட்டை நடுவில் செருகிவிட்டு "புது ஓடு போட்டும் ஒழுகுதே" என்று புலம்புபவர்கள் நிறைய. காரணம் இதுதான்.

தெருப்பக்கம் சீமை ஓடும் கொல்லைப்பக்கம் நாட்டு ஓடும் உள்ள வீடுகளும் உண்டு. அப்படியானால் இரண்டு கூரையாகவே கணக்கு வையுங்கள். மரக்கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே செங்கல்லும் சுண்ணாம்பும் போட்டு, தட்டோடு பதித்த மெட்ராஸ் டெரஸ் மொட்டை மாடி உங்களுடையது என்றால் அதன் கதை முற்றிலும் வேறு. இந்தக் கட்டுரை சரிவான கூரைக்கு மட்டும்.

மழை பெய்யும்போதே செய்ய வேண்டியது

கூரையைப் படிக்க நல்ல நேரம் அடைமழைதான். ஒரு சாக்பீஸும் நோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சொட்டு விழும் இடங்களைத் தரையில் வட்டமிட்டு எண் போடுங்கள். எந்த மழையில் ஒழுகியது, சாதாரண மழையிலா காற்றோடு அடித்த மழையிலா என்று எழுதுங்கள். காற்று மழையில் மட்டும் ஒழுகினால் ஓடு உடைந்திருக்க வாய்ப்பு குறைவு, ஓடு நகர்ந்திருக்கும், அல்லது சரிவு போதாமல் தண்ணீர் மேல்நோக்கி ஏறியிருக்கும். தூறலுக்கே ஒழுகினால் ஓட்டை பெரியது.

சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நம்பாதீர்கள். தண்ணீர் ஓட்டின் அடிப்பக்கத்திலோ கைமரத்திலோ நாலைந்து அடி இறங்கி வந்து, ஏதாவது ஒரு முண்டில் பட்டுத்தான் சொட்டும். டார்ச் அடித்து, ஈரக் கோட்டை மேல்நோக்கித் தொடர்ந்து போங்கள்.

மழை விட்டதும், பகல் வேளையில் கதவு ஜன்னலைச் சாத்தி அறையை இருட்டாக்கிவிட்டு மேலே பாருங்கள். நட்சத்திரம் போல வெளிச்சம் தெரியும் இடங்களையும் நோட்டில் சேருங்கள். சீமை ஓட்டில் பக்கவாட்டுப் பூட்டு வழியாக மெல்லிய கீற்று தெரிவது சகஜம். நேராக வானமே தெரிந்தால்தான் கவலை.

பெரும்பாலான வீடுகளில் ஒழுகல் மூன்று இடங்களில்தான் குவியும். ஒன்று முகடு. இரண்டாவது, கூரையும் பக்கத்து வீட்டுச் சுவரும் சேரும் இடம். மூன்றாவது, முற்றத்தின் நான்கு மூலைகளிலும் இரண்டு சரிவு சேரும் இடத்தில் போட்ட தகரக் கால்வாய். இந்த மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் மேலே ஏறிப் பார்ப்பதில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. 400 சதுர அடி இடத்தை மூடும் கூரைக்கு அந்த மழையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், 16,000 லிட்டரைத் தாண்டும். ஒரு லாரித் தண்ணீரை விட அதிகம். முற்றத்தைப் பார்த்த சரிவுகளில் விழுந்த தண்ணீரில் பெரும்பங்கு அந்த ஒரு முழத் தகரம் வழியாகத்தான் போயாக வேண்டும். அதில் கடல் உப்பு பட்டுப் பொத்தல் விழுந்திருந்தாலோ, மாவிலையும் வேப்பம்பூவும் அடைத்திருந்தாலோ தண்ணீர் ஓட்டுக்கு அடியில் திரும்பி, மூலைக் கைமரத்தில் இறங்கிவிடும். கூரை முழுவதும் கெட்டுப்போனது போலத் தோன்றும். நான்கு தகரத்தை மாற்றினால் வேலை முடிந்துவிடும். முழுக்கூரையையும் மாற்றச் சொல்லி யாராவது கணக்குப் போட்டுக் கொடுத்தால், முதலில் இந்தக் கால்வாயைப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

பொங்கலுக்குப் பிறகு ஓட்டைச் சோதிப்பது

தை, மாசியில் ஓடு நன்றாகக் காய்ந்திருக்கும். ஏணி வைத்துக் கைக்கு எட்டும் இடத்தில், நான்கு சரிவிலும் இருபத்தைந்து இருபத்தைந்தாக நூறு ஓடு எண்ணுங்கள். வடகிழக்குப் பக்கச் சரிவை விட்டுவிடாதீர்கள், பருவமழையின் காற்று அங்கேதான் அடிக்கும். உடைந்தது, விரிசல் விட்டது, ஓரம் உதிர்ந்தது எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது. பொத்தென்று கேட்டால் உள்ளே மயிரிழை விரிசல் இருக்கும், அல்லது சரியாக வேகாத ஓடாக இருக்கும்.

பாசி பிடித்துக் கறுத்திருப்பதைப் பார்த்து ஓடு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கறுப்பு வெறும் அழுக்குதான். வெள்ளைப் பொடி பூத்து, மேல்தோல் செதில் செதிலாக உரிகிறதா என்று பாருங்கள். உப்பு உள்ளே போய்க் காய்ந்து, காய்ந்து, ஓட்டை உள்ளிருந்தே உடைக்கிறது என்று அர்த்தம். தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் மாதிரிக் கடலை ஒட்டிய இடங்களில் இது சீக்கிரம் வரும்.

சந்தேகமான சீமை ஓட்டுக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. நாலைந்து ஓடுகளை இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, மளிகைக்கடைத் தராசில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாள் முழுக்கத் தொட்டித் தண்ணீரில் ஊறவிட்டு, எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி நிறுங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடை கூடியிருந்தால், அதாவது இரண்டரைக் கிலோ ஓடு மூன்று கிலோவைத் தாண்டியிருந்தால், அது தண்ணீர் குடிக்கிற ஓடு. அப்புறம் இன்னொன்று: ஓட்டின் மேல்பக்கத்தில் களிமண்ணால் வரப்புக் கட்டி, இரண்டு விரற்கடைத் தண்ணீர் ஊற்றி ஆறு மணி நேரம் விட்டுப் பாருங்கள். அடியில் ஈரம் படர்ந்தால் பரவாயில்லை. சொட்டினால் அந்த ஓட்டுக்கு வயதாகிவிட்டது.

மரம்

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கைமரத்தையும் மூன்று இடத்தில் குத்துங்கள்: சுவருக்குள் நுழையும் முனை, நடு, முகட்டைத் தொடும் முனை. நல்ல மரத்தில் நுனி மட்டும் பதியும். அரை அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் உளுத்துவிட்டது. முக்கால்வாசி மரங்கள் சுவருக்குள் இருக்கும் முனையில்தான் முதலில் போகும், மண் சுவரின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு இருட்டில் கிடப்பது அந்த ஒரு முழம்தான். சுவரில் மண் நரம்பு போல ஓடும் கறையான் புற்றையும் அங்கேதான் பார்ப்பீர்கள்.

பனங்கைக்கு, அதாவது பனையில் அறுத்த கைமரத்துக்கு, தனி கவனம் தேவை. வைரம் பாய்ந்த பனை வெளியே கறுத்து, நார் இறுகிக் கல் மாதிரி இருக்கும். தேக்கை விட அதுதான் நம் ஊர்க் காற்றுக்கும் உப்புக்கும் தாங்கும் என்று பழைய தச்சர்கள் சொல்வார்கள், எங்கள் வீட்டில் அது உண்மையாகவே இருக்கிறது. ஆனால் உள்பக்கத்துச் சோற்றுப் பகுதி மெத்தென்று இருக்கும், வண்டு அதைத்தான் தின்னும். வெளியே பார்க்கத் திடமாகவே இருக்கும். அதனால் பனங்கையைக் குத்துவதோடு நிறுத்தாமல் சுத்தியால் தட்டிக் கேளுங்கள். கூடான சத்தம் வந்தாலோ, கீழே தரையில் மஞ்சள் மாவு கொட்டியிருந்தாலோ மாற்ற வேண்டியதுதான்.

வளைவையும் பாருங்கள். கைமரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் பிடித்து, நடுவில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். பத்தடி நீளத்தில் ஓர் அங்குலம் இறங்கியிருந்தால் அது வயதின் வளைவு, விட்டுவிடலாம். இரண்டு அங்குலத்தைத் தாண்டினால் பக்கத்தில் புதுச் சட்டம் சேர்க்க வேண்டும். எதிர்வீட்டுத் திண்ணையில் நின்று உங்கள் முகட்டைப் பாருங்கள். கோடு நேராக இருக்கிறதா, நடுவில் குழிந்திருக்கிறதா? குழிந்திருந்தால் முகட்டு வளையோ அதைத் தாங்கும் விட்டமோ தளர்ந்திருக்கிறது. இது ஓட்டை மாற்றித் தீராது.

ரீப்பரைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். அது மலிவு. கூரையைப் பிரிக்கும் அன்றைக்கு எப்படியும் முக்கால்வாசி புதிதாகத்தான் போடுவீர்கள்.

சுவர்

தூக்குக் குண்டு விட்டுச் சுவர் வெளியே சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்கும் விரிசல், கூரை சுவரை வெளியே தள்ளுவதன் அடையாளம். மண் சாந்தில் கட்டிய சுவர் காய்ந்திருக்கும்வரை நூறு வருடம் நிற்கும். வருடக்கணக்கில் தலையில் தண்ணீர் இறங்கினால் சொல்லாமல் சரியும். 2014 நவம்பர் மழையில் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக் காலத்து நகர மண்டபமான மேரி கட்டடமே இடிந்து விழுந்ததை இந்த ஊர்க்காரர்கள் மறக்கவில்லை. சுவரில் சாய்வு இருந்தால் கூரையைத் தொடுவதற்கு முன் ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். இந்த இடத்தில் மேஸ்திரியின் கண்ணளவு போதாது.

இப்போது முடிவு

நான் கணக்கு வைக்கும் முறை இது. நூற்றுக்குப் பத்து ஓட்டுக்குள் கெட்டிருந்து, மரமும் நன்றாக இருந்தால், கெட்டதை மட்டும் மாற்றுங்கள், முகட்டையும் கால்வாயையும் சரிசெய்யுங்கள். இரண்டு மூன்று நாள் வேலை.

பத்திலிருந்து முப்பதுக்குள் இருந்தாலோ, மரத்தில் ஆங்காங்கே மட்டும் கெட்டிருந்தாலோ, முழுவதும் பிரித்து அடுக்குவதுதான் லாபம். பிரிக்கும்போது நல்ல ஓடுகளை எல்லாம் சேர்த்துத் தெருப்பக்கச் சரிவுக்கு வையுங்கள். குறையும் ஓட்டைப் புதிதாகவோ பழையதாகவோ வாங்கி, கொல்லைச் சரிவு முழுவதையும் ஒரே வகையாகப் போட்டுவிடுங்கள். கலந்து போடாதீர்கள். எங்கள் வீட்டில் 2016 மாசியில் இப்படித்தான் செய்தோம்.

முப்பதுக்கு மேல் போனாலோ, ஊறவைத்த சோதனையில் பெரும்பாலான ஓடு தோற்றாலோ, புது ஓடு. மரம் நன்றாக இருந்தால் மரத்தை விட்டுவிடுங்கள்.

கைமரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது என்றால், முழுச் சட்டத்தையும் புதிதாக எழுப்ப வேண்டும். அப்போதும் ஓடு நன்றாக இருந்தால் அதையே திரும்பப் போடலாம். இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். மரம் போனதும் நல்ல ஓட்டையும் சேர்த்துக் குப்பை விலைக்கு விற்றுவிடுகிறார்கள். வாங்குபவர் அதை விடுதி கட்டுகிறவருக்கு நல்ல விலைக்குக் கொடுத்துவிடுவார்.

ஷீட்டா, கான்கிரீட்டா?

வீட்டில் இந்தப் பேச்சு வராமல் இருக்காது.

கான்கிரீட் பற்றி முதலில். ஐந்து அங்குலத் தளம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 300 கிலோ. சீமை ஓட்டுக் கூரை மரத்தோடு சேர்த்து 60, 70 கிலோ இருக்கும். மண் சாந்துச் சுவரின் தலையில் நான்கு மடங்குச் சுமையை ஏற்றுவது விபத்துக்கு நாள் குறிப்பது மாதிரி. தூண் எழுப்பித் தனியாகச் செய்தால் ஒழிய வேண்டாம்.

ஷீட் மலிவு, சீக்கிரம் முடியும், தற்காலிகத்துக்குச் சரி. ஆனால் சித்திரை மதியத்தில் அதற்குக் கீழே உட்கார முடியாது, மழையில் பேச முடியாது. தானே புயலில் தகர ஷீட்டுகள் தெருவில் கத்தி மாதிரிப் பறந்ததைப் பார்த்த பிறகு என் மனம் அதற்கு ஒப்பவில்லை. எடை குறைந்த கூரையைக் காற்று கீழிருந்து தூக்கும் என்பதால், ஷீட் போட்டே ஆக வேண்டுமானால் கூரையின் கீழ்விளிம்பான இறவாரத்திலும் ஓரங்களிலும் ஸ்க்ரூவை மிக நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் உடைக்காமல், நனைத்துவிட்டு முழுதாக இறக்குங்கள். அதன் தூசி நுரையீரலுக்குக் கெடுதல்.

மரம் விலை கட்டுப்படியாகவில்லை என்றால், இரும்புப் பைப் சட்டம் போட்டு மேலே பழைய ஓட்டையே அடுக்குவது நல்ல வழி. கறையான் கவலை இல்லை. உப்புக் காற்றுக்கு மட்டும் ஈடு கொடுக்க வேண்டும். பைப்பின் திறந்த முனைகளை மூடி வெல்டிங் செய்யச் சொல்லுங்கள், வெல்டிங் வைத்த இடங்களில் பிரைமர் இரண்டு கை அடிக்கச் சொல்லுங்கள். துரு அங்கேதான் ஆரம்பிக்கும். ரீப்பர் இடைவெளியைப் பேப்பரில் பார்த்து வைக்கக் கூடாது. நீங்கள் போடப்போகும் ஓட்டிலேயே நாலைந்தைக் கையில் வைத்து அளந்துதான் வைக்க வேண்டும்.

எதைப் போட்டாலும் சரிவைக் குறைக்க விடாதீர்கள். கிடைமட்டமாக இரண்டடிக்கு ஓரடி உயரமாவது வேண்டும். அதற்குக் குறைந்தால் காற்று மழையில் எந்த ஓடும் ஒழுகும்.

வேலை நடக்கும்போது

மாசியிலிருந்து வைகாசிக்குள் முடித்துவிடுங்கள். ஆடிக் காற்றில் பாதி பிரித்த கூரை ஆபத்து, ஆவணியில் சாயங்கால இடி மழை வந்துவிடும். எப்படியும் நல்ல தார்ப்பாய் கையில் இருக்கட்டும், ஒரு நாளில் மூடக்கூடிய அளவுக்குத்தான் பிரிக்க வேண்டும்.

ஓட்டுக் கணக்கு: சீமை ஓடு சதுர மீட்டருக்கு 15, பத்து சதுர அடிக்குப் பதினான்கு என்று வையுங்கள். தரையின் பரப்பைப் போடாதீர்கள், சரிவின் பரப்பு அதைவிட எட்டில் ஒரு பங்காவது கூடும். பழைய ஓட்டை இறக்கும்போது நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை உடையும், அதையும் சேர்த்து வாங்குங்கள்.

கூலி பேசும்போது பிரிப்பதற்கு, மரவேலைக்கு, ஓடு அடுக்குவதற்கு, முகட்டுக்கு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். மொத்தமாக ஒரு தொகை சொல்பவரிடம் பாதியில் "மரம் எல்லாம் போச்சு சார்" என்று வரும், அப்போது உங்களுக்குப் பேச வழி இருக்காது. நன்கு தெரிந்த ஓட்டுக்காரர் ஓட்டின் மேல் நடக்கமாட்டார், கைமரத்தின் மேல் பலகை போட்டு நடப்பார். அவர் எப்படி ஏறுகிறார் என்பதைப் பார்த்தே ஆளைத் தெரிந்துகொள்ளலாம். நாட்டு ஓட்டுக்கு அடியில் தேளும் பூரானும் சாதாரணம், கையுறை இல்லாமல் யாரையும் கை வைக்கவிடாதீர்கள். கூரைக்குள் ஓடும் பழைய மின்கம்பிக்கு மெயினை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

முகட்டுக்குச் சுத்தச் சிமென்ட் பூசவிடாதீர்கள். சுண்ணாம்பு அதிகமாகவும் சிமென்ட் கொஞ்சமாகவும் கலந்த சாந்துதான் ஓட்டோடு சேர்ந்து அசையும். வெறும் சிமென்ட் ஒரு கோடை வெயிலில் மயிரிழை விரிசல் விடும், அந்த இழையில் இறங்கும் தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் மரத்தைத் தின்னும். ஓடுகளுக்கு நடுவில் சிமென்ட்டே கூடாது. பின்னால் ஓர் ஓட்டை எடுக்க நான்கை உடைக்க வேண்டியிருக்கும்.

புயலுக்குக் கட்டுவது தனி வேலை, அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். காற்று முதலில் இறவாரத்தையும் முகட்டையும் மூலைகளையும்தான் பிடிக்கும். சீமை ஓட்டின் அடியில் ஒரு சின்னக் காது இருக்கும், அதில் துளை இருக்கும். கம்பி கட்டுவதற்கென்றே ஆலையில் வைத்தது அது, பெரும்பாலான வீடுகளில் சும்மாவே கிடக்கிறது. இறவார வரிசை இரண்டு, முகட்டுக்குக் கீழ் வரிசை இரண்டு, பக்க ஓரங்கள் முழுவதும், இவ்வளவையும் ரீப்பரோடு கம்பி போட்டுக் கட்டச் சொல்லுங்கள். கடலிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் இருந்தால் சாதாரணக் கட்டுக்கம்பி சில வருடத்தில் துருப்பிடித்து அறுந்துவிடும், செம்புக் கம்பியோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ வாங்கிக் கொடுங்கள். கைமரத்தையும் சுவர் மேல் படுத்திருக்கும் சட்டத்தோடு போல்ட்டால் பிணைக்க வேண்டும். ஓடு எல்லாம் ஒழுங்காக இருந்தும் கூரை அப்படியே தூக்கப்பட்டதற்குக் காரணம் இந்தப் பிணைப்பு இல்லாததுதான்.

புதுச்சேரி பழைய நகரத்துக்குள், அதிலும் தமிழர் பகுதியில் வீடு என்றால், வேலைக்கு முன் அது பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா என்று பழைய கட்டடங்களைப் பாதுகாக்க உழைக்கும் இன்டாக் அமைப்பின் அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். வைசியாள் வீதியில் திண்ணையும் தாழ்வாரமும் ஓடுமாக வீடுகளைத் திரும்ப ஒழுங்கு செய்த வேலைக்கு 2008-ல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. ஒரு சாயங்காலம் அந்தத் தெருவில் நடந்து இறவார வரிசையை அண்ணாந்து பாருங்கள். உங்கள் மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு போனால் "இது மாதிரி வேணும்" என்று காட்டிப் பேசுவது சுலபம்.

வேலை முடிந்ததும் மிச்சமான ஓட்டை விற்காதீர்கள். ஐம்பது ஓடாவது கொல்லைச் சுவரோரம், படுக்கவைக்காமல் நெட்டுக்குத்தாக, அடியில் இரண்டு செங்கல் வைத்து அடுக்கி வையுங்கள். புரட்டாசி பிறந்ததும் ஒரு காலையில் ஆள் வைத்து இலையைக் கூட்டி, கால்வாயைக் கழுவி, ஒரு பக்கெட் தண்ணீரை முகட்டிலிருந்து மெதுவாக ஊற்றச் சொல்லிவிட்டு நீங்கள் உள்ளே நின்று பாருங்கள். பழைய நோட்டில் எண் போட்ட இடங்களுக்கு நேராக மேலே பார்த்தால் போதும்.